ஊது சாரும் இரண்டு வாளி ஸ்பூன்களும்

என் வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் வைத்த பெயர் ஊது சார். வேதியியல் நடத்துகிறவர். நன்றாகவே நடத்துவார் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மாணவர் விடுதிக்கும் அவரையே வார்டனாகப் போட்ட பிறகு அந்தப் பெருமையெல்லாம் போய், இந்த ஒரு பெயர்தான் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் விடுதி கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே போய்விட்டு வருகிற ஒவ்வொரு பையனும் அவர் முன்னால் குனிய வேண்டும். "ஊது" என்பார். பையன் ஊதுவான். இவர் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். "ம், போ" என்பார். அடுத்தவன் வருவான்.

வார்டன் வீடு கேட்டை ஒட்டியே இருந்ததால் இந்தக் கூத்து முழுவதும் என் சமையலறை ஜன்னலில் தெரியும். "ஊரார் பிள்ளைங்க வாயை எல்லாம் மோந்துட்டு வந்து உங்களுக்கு எப்படித்தான் சாப்பாடு இறங்குதோ" என்று கேட்டால், "பழகிடுச்சு" என்பார். அது பொய்யில்லை. அவருடைய அண்ணன் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் அண்ணனுக்குக் கதவு திறந்துவிட்டவர் இவர்தான். இன்றைக்கு அடி விழுமா, அழுகைதானா என்று தாழ்ப்பாளை நீக்கும்போதே வாசனையில் கண்டுபிடித்துவிடுவாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இதை என்னிடம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அதனால் பயம்தான் மருந்து என்று நம்புகிற மனிதர். விடுதி நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில் ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தார். "எச்சரிக்கை! இந்த விடுதியில் பத்துக்கு எட்டுப் பேர் குடிக்கிறார்கள். நாடு எங்கே போகிறது?" அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒரு உத்தேசம்தான். கூடச் சொன்னாத்தான் பயப்படுவாங்க" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு கூடிப்போனால் பையன்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர், இங்கே கூசாமல் அள்ளி விட்டிருந்தார்.

கேட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அங்கே சனிக்கிழமைகளில் புதினா மிட்டாய் அமோகமாக விற்கும். குடித்த பையன் நாற்றத்தை மறைக்க வாங்கினான். குடிக்காத பையனும் வாங்கினான், ஏனென்றால் வெங்காயம் தின்றுவிட்டு வந்தாலே இவர் நாலு கேள்வி கேட்பார். கடைசியில் விடுதி மாடிப்படி முதல் மொட்டைமாடி வரைக்கும் புதினா மணத்தது. நாடு எங்கே போயிற்றோ, கடைக்கார அம்மாவுக்கு நல்ல காலம்.

இந்த விடுதியில்தான் என் தம்பியும் இருந்தான். அம்மாவுக்குக் கடைக்குட்டி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். "மாப்பிள்ளை கண்ணு முன்னாடி இருப்பான்" என்ற ஒரே தைரியத்தில் அம்மா அவனை இங்கே சேர்த்தார். இரண்டாம் வருடத்தில் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை கண் முன்னாடியே, ஊதுவதற்குக் குனிந்தவன் குனிந்தபடியே கேட் படியில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டான். வாயில் புதினா, சட்டையெல்லாம் ரத்தம். தையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

பிரின்சிபால் அம்மா இவரைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "உங்க மச்சினன்ங்கிறதுக்காக இல்ல சார், அடிபட்டுக் கிடக்கிறானேன்னுதான் விடறேன். இன்னொரு தடவை மாட்டினா காலேஜை விட்டே அனுப்பிடுவேன்."

மறுநாள் என் வீட்டில் கட்டுப்போட்ட தலையோடு சாப்பிட உட்கார்ந்தான். நான் தட்டைப் போட்ட வேகத்தில் அது சுற்றிச் சுற்றித்தான் நின்றது. அவ்வளவு கோபம் எனக்கு.

"ஏன்டா குடிச்ச?"

"எல்லாரும் குடிக்கிறாங்கக்கா. நான் ஒருத்தன் மட்டும் தண்ணி டம்ளரைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தா சாமியார்னு ஓட்டுவாங்க."

"அவ்வளவு ருசியாவா இருக்கு?"

"கருமம். இருமல் மருந்தே தேவலை."

"எல்லாரும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அறை வாசலிலிருந்து ஒரு குரல். இவர்தான்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதான மாமா போர்டுல எழுதி மாட்டியிருக்கீங்க? பத்துக்கு எட்டுன்னு." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "சனிக்கிழமை எவன் பக்கத்துல போனாலும் புதினா வாசனை. மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு மாமா புதினா மெல்லப் போறான்?"

எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "பிராந்திக் கடைக்காரன் ஊத்திக் கொடுத்தது பாதி, உங்க போர்டு ஊத்திக் கொடுத்தது பாதி" என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. எனக்கே பிறகு பாவமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நாற்காலியும் சாவிக்கொத்தும் இல்லாமல் அறை அறையாகப் போய்ப் பையன்களின் கட்டிலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். ஒரு நாள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"கேட்டவன் எல்லாம் ஒரே பதில்தான் சொல்றான். 'நான் குடிக்கறதில்ல சார், மத்தவங்கதான்'னு. ரூம் ரூமா 'மத்தவங்க, மத்தவங்க.' அப்ப அந்த மத்தவங்க எந்த ரூம்ல இருக்காங்க?"

"போலீஸ்காரரே போய் 'நீ திருடனா'ன்னு கேட்டா, எவன் ஆமாங்கப் போறான்?"

"அதேதான் நானும் யோசிக்கிறேன். என்கிட்ட சொல்ல வேண்டாம். அவங்களுக்குள்ள சொல்லிக்கட்டும். ஸ்பூன் போடச் சொல்லலாம்னு இருக்கேன்."

இந்த ஸ்பூன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு முட்டையா பழமா என்பதிலிருந்து எல்லாவற்றையும் பையன்கள் ஸ்பூன் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராகக் கை கழுவும் மூலைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு திரை. திரைக்குப் பின்னால் சிவப்பு வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. கழுவப் போட வேண்டிய ஸ்பூனை இதிலோ அதிலோ போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருப்பார்கள். கடைசி ஆளும் போட்ட பிறகு சமையல் மாஸ்டர் திரையை விலக்குவார். எண்ணுகிற வேலையெல்லாம் கிடையாது. எந்த வாளி நிறைந்திருக்கிறது என்று கண் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளலாம். பிரின்சிபால் கையெழுத்தை நம்பாத பையன்கூட அந்த வாளிகளை நம்புவான். ஆபீஸிலிருந்து யாரும் அவற்றைத் தொட்டதில்லை.

சாப்பாட்டுக்கூடத்துக்குச் செயலாளராக இருந்த மாணவனை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள், கழுத்து அப்படி. இவர் சொன்னதைக் கேட்டு அந்தக் கழுத்து இன்னும் ஒரு சாண் நீண்டது.

"சார், இது முட்டை விஷயம் இல்ல சார்."

"தெரியும்ப்பா. நான் கூடத்துக்குள்ளயே வர மாட்டேன். கேள்வியை நீ கேளு, திரையை மாஸ்டர் விலக்கட்டும். எவன் எதுல போட்டான்னு நான் சாகிற வரைக்கும் கேட்க மாட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். குடித்தவன் போட வேண்டிய சிவப்பு வாளி நிறைந்துவிட்டால் என்ன செய்வது? இவர் வார்டன் வேலை போனால் போகட்டும். ஆனால் என் தம்பி அந்த வாளியைப் பார்த்த பிறகு யார் பேச்சும் அவன் காதில் ஏறாது. எல்லாரும் குடிக்கிறார்கள் என்பதற்கு அவனுக்குச் சாட்சியே கிடைத்துவிடும். போவான், குடிப்பான், மாட்டுவான், பெட்டியைக் கட்டுவான். அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

ஸ்பூன் போடுகிற அன்று மதியம், இரவல் கொடுத்திருந்த அண்டாவைத் திரும்ப வாங்குகிற சாக்கில் நான் விடுதிச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஒட்டகம் பெஞ்சு மேல் ஏறினான். "டேய், இன்னிக்கு முட்டை இல்ல. போன சனிக்கிழமை குடிச்சவன் சிவப்பு. குடிக்காதவன் நீலம். பொய் சொல்றவனுக்கு ஒரு மாசம் சாப்பாட்டுல கல்லு கடிக்கும். அவ்வளவுதான்."

சிரிப்பு வந்து அடங்கியது. பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரைக்குள் போனார்கள். என் தம்பி போனபோது நான் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது யாரையும் பார்க்கவில்லை. எதில் போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு பொய் சொல்கிற பையன் இல்லை அவன்.

மாஸ்டர் குழாயை மூடினார், திரையை இழுத்தார்.

நீல வாளி நிறைந்து வழிந்து, பாதி ஸ்பூன் தரையில் கிடந்தது. சிவப்பு வாளியின் அடியில் ஏதோ கொஞ்சம். மாஸ்டர் அதைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்தும் காட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "கள்ள ஓட்டுடா!" என்று கத்தினான்.

"ஒருத்தனுக்கு ஒரு ஸ்பூன். எங்கிருந்துடா வரும் கள்ள ஓட்டு?" என்றான் ஒட்டகம். அவன் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது. வாளியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "டேய், அப்ப நீங்க எல்லாம் வாராவாரம் என்ன எழவுக்குடா புதினா மென்னீங்க?"

"நீ மென்னியேன்னுதான்!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கூடமே சிரித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அறைத்தோழனைப் பிடித்துக்கொண்டான். நடையைப் பார்த்து வாத்து என்று பெயர் வைக்கப்பட்ட பையன் அவன்.

"நீ எதுலடா போட்ட?"

"நீலம்."

"புளுகாதடா. சனிக்கிழமை நாம ஒண்ணாத்தான உட்கார்ந்திருந்தோம்?"

வாத்து நெளிந்தான். "என் டம்ளர்ல வெறும் கலர் சோடாடா. எப்பவுமே அதான். நீ மட்டமா நினைப்பேன்னு சொல்லல."

"அடப்பாவி! உனக்குக் கம்பெனி கொடுக்கத்தானடா நான் அந்தக் கருமத்தைக் குடிச்சேன்!" என்று கத்தியவன், தன்னையறியாமல் நெற்றிக் கட்டின் மேல் கையை வைத்தான். அடுத்த நொடி இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கைகலப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகம் வெளுத்திருந்தது.

"நீலம்" என்றேன்.

"எவ்வளவு?"

"தரையில கொட்டிக் கிடக்கு."

தொட்டித் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க அண்ணன் ஒண்ணு சொல்லுவான். 'ஆம்பளைன்னா எல்லாரும் குடிக்கறதுதான்டா'ன்னு. கடைசி வரைக்கும் அவன் அதை நம்பினான். நானும் அதையே போர்டுல எழுதி மாட்டியிருக்கேன் பாரு" என்றார். அண்ணனைப் பற்றி அவர் பேசியது அது இரண்டாவது தடவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பையன்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

பழைய அட்டையை அன்றைக்கே கழற்றினார். புது அட்டையில், "போன சனிக்கிழமை இந்த விடுதியில் பெரும்பாலானவர்கள் குடிக்கவில்லை. நம்பாதவர்கள் சமையல் மாஸ்டரின் வாளியைக் கேட்கவும்" என்று எழுதினார். கீழே "நாடு" என்று ஆரம்பித்தவரை நான்தான் தடுத்தேன். கேட்டில் ஊதச் சொல்வதும் நின்றது. நாற்காலி மட்டும் போகவில்லை. அதில் உட்கார்ந்து வருகிறவனையெல்லாம் "சாப்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பிறகு போதை மாத்திரை, புகை என்று அதற்கும் பையன்களே ஸ்பூன் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் நீலம்தான் நிறைந்தது. சிவப்பில் போட்ட சிலரை இவர் தேடவில்லை. கல்லூரிக்கு டாக்டர் எந்த நாளில் வருவார், யாருக்கும் தெரியாமல் எப்படிப் பார்க்கலாம் என்று மட்டும் அறை அறையாகச் சொல்லி வைத்தார். சிலர் தாங்களாகவே போனார்கள். ஒருவன் போகவே இல்லை, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். அவனைப் பற்றி இவர் இன்றைக்கும் பேசுவார். பெட்டிக்கடை அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரர் என் வயித்துல அடிச்சுட்டாரும்மா, புதினா ஜாடியில எறும்பு ஓடுது" என்பார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு மறக்க முடியாதது, ஸ்பூன் போட்ட பிறகு வந்த முதல் சனிக்கிழமை.

யாரோ நண்பனுக்குப் பிறந்தநாள் என்று தம்பியும் வாத்தும் வெளியே போயிருந்தார்கள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. கேட் மூடுகிற நேரத்தில் இருவரும் வந்தார்கள்.

"சாப்டீங்களா?" என்றார் இவர்.

"ஆச்சு மாமா." தம்பி தாண்டிப் போகவில்லை. நாற்காலிக்கு முன்னால் நின்றான். "ஊதட்டுமா மாமா?"

"வேண்டாம், போ. அதெல்லாம் நிறுத்தியாச்சு."

"இல்ல மாமா. ஊதறேன்."

குனிந்தான். ஊதினான். இவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. கரண்டியும் கையுமாக வெளியே ஓடி வந்து, "என்னங்க? என்ன?" என்றேன்.

"வெங்காயம்" என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. வெறும் வெங்காயம். புதினாகூட இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "போய்ப் பல்லை விளக்குடா, நாறுது" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.