நீர்மூழ்கிக் கப்பல் கொண்டுபோன தம்பியும் எங்கள் வாப்பாவும்

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். வாப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. அவருடைய ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு அணைந்திருந்த நாட்களில் சோறு கொண்டுவந்த நற்பிட்டிமுனை உறவுகளுக்கும், காரைதீவு நண்பர்களுக்கும் மகளாகிய என் நன்றி முதலில்.

வாப்பா கல்முனையில் பிறந்தவர். இளம் வயதிலேயே கொழும்புக்குப் போய், சரக்குக் கப்பலில் சமையல்காரரானார். ஆனாலும் வீட்டில் ஒரு நாள்கூடத் தேத்தண்ணி ஊற்றியதில்லை. தன் தம்பியையும், அதாவது எங்கள் சாச்சாவையும், அவருக்குக் கலியாணமான புதிதில் கப்பலுக்கு அழைத்துக்கொண்டார்.

உலக யுத்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அந்தக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. பிறகு அது கடலுக்கு மேலே வந்தது. அதன் கோபுரத்தில் வெள்ளைக் கொக்கு வரைந்திருந்ததாம். காயப்பட்டுத் தத்தளித்த சாச்சாவை அதன் மாலுமிகள் தூக்கி ஏற்றியதை வாப்பா, தான் தப்பி ஏறிய படகிலிருந்து கண்டார். ஊர் திரும்பி, தம்பி உயிரோடு இருக்கிறான் என்றார்.

அதை நம்பிச் சாச்சாவின் மனைவி, எங்கள் சாச்சி, காத்திருந்தார். நிறச் சேலையும் கண்ணாடி வளையலும் கழற்றவில்லை. கணவனை இழந்தவர்கள் குறித்த காலம் தனித்திருக்கும் இத்தாவும் இருக்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களை, என் மனிசன் வருவார் என்று திருப்பியனுப்பினார்.

எழுபதுகளின் கடைசியில் அறுகம்பைக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். யுத்தத்தில் நீர்மூழ்கியில் வேலை செய்தவர். வாப்பா தேடிப்போய்க் கொக்குப் படத்தைச் சொன்னார். அவர் தன் நாட்டில் விசாரித்து, அடுத்த ஆண்டு வந்து சொன்னார். அந்த நீர்மூழ்கி ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து பல கப்பல்களை அழித்ததாம். வாப்பாவின் கப்பலே கடைசி. பினாங்குத் துறைமுகத்தைச் சேருமுன் விமானக் குண்டு விழுந்து, ஒருவரும் தப்பவில்லை.

சாச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று உம்மா அழுதார். “மறச்சா அல்லாஹ்வுக்கு என்னத்தச் சொல்ற?” என்று வாப்பா போய்ச் சொல்லிவிட்டார்.

சாச்சி வளையலைக் கழற்றி, வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார். தவணை எப்போதோ முடிந்துவிட்டது, தேவையில்லை என்று மௌலவி சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் வாப்பாவை அன்றிலிருந்து அரித்துத் தின்றது. படுக்கையில் விழுந்தவர், கடைசியில் தன்னைச் சாச்சி வீட்டுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். சாச்சியை மறைத்த திரைச்சீலைக்கு இப்பால் இருந்து, “நான் கண்டதத்தான் சொன்னன் மச்சி. என்னப் பொறுத்துக்கங்க” என்றார்.

உள்ளிருந்து சாச்சியின் குரல் வந்தது.

“அண்டைக்கே மவுத்தெண்டு சொல்லியிருந்தா, அண்டையிலிருந்தே நான் விதவை மச்சான். நீங்க சொன்னதாலதான் இவ்வளவு காலமும் புருசனோட இருந்தன்.”

வீட்டுக்கு வந்த வாப்பா கஞ்சி கேட்டுக் குடித்தார். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் மவுத்தானார்.