ஏணியில் கண்ணைப் பொத்திய மகள்

குழந்தைகளே, நாங்கள் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் கடலோரம் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றைப் பார்க்கப் போனோம். வளைந்த படிகளில் ஏறும்போது என் மகன் தங்கையிடம், "ஏட்டி செல்வி, மேல லைட்டப் பாத்தா கண்ணு பொசுங்கிரும்!" என்றான்.

"நெசமாப்பா?" என்று செல்வி என்னைக் கேட்டாள்.

"ஆமாட்டி, அப்புறம் நீ குருடிதான்" என்று நானும் சிரித்தேன்.

உச்சிக்குப் போகச் செங்குத்தான இரும்பு ஏணி. எனக்கு முன்னால் ஏறிய செல்வி, பாதியில் மேலே விளக்கு தெரிந்ததும் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அப்படியே என்மேல் விழுந்தாள். நான் கம்பியை இறுகப் பிடித்திருந்ததால் பிழைத்தோம். ஏணிக் கம்பியில் மோதி அவளுடைய முன்பற்கள் இரண்டு உடைந்துவிட்டன. கடலைப் பார்க்காமலே இறங்கினோம்.

இப்போது பிள்ளைகளை யார் பயமுறுத்தினாலும் நான் சேர்ந்து சிரிப்பதில்லை. அது பொய் என்று உடனே சொல்லிவிடுகிறேன். செல்விதான் நம்புவதில்லை. கரண்ட் போய் நான் டார்ச் அடித்தால், இன்னமும் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள்.