எடை காட்டாத காகிதம்

அண்ணனின் பெட்டியை இரும்புக்கடைத் தராசில் ஏற்றியபோது இரண்டு கிலோ கூடுதல். மறுநாள் காலையில் விமானம். கல்ஃபுக்குப் போகிறவன் கையில் எங்கள் ஊரே பொட்டலம் கொடுத்தனுப்பும். வாங்க மறுத்தாலும் மானக்கேடு, பிரித்துப் பார்த்தாலும் மானக்கேடு. அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை இன்றும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பலாச்சக்கை வறுவல், மாங்காய் ஊறுகாய். பக்கத்து வீட்டு மாமி தன் மகனுக்குத் தந்த பொட்டலத்தில் ஒரு பாட்டுப்புத்தகம் இருந்தது. அதன் நடுவே தடித்த காகிதம் ஒன்று. சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பூ. குழந்தைகள் ஒட்டும் படமென்றால் பின்னால் பசை இருக்க வேண்டுமே, இல்லை.

காகிதத்தைச் சட்டென்று தரையில் போட்டேன். தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அங்கே பேராசிரியர் ஒருமுறை சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து மருந்து தேடிய ஒருவருக்கு, தான் செய்த பொருளே தவறுதலாக உடம்பில் ஏறித் தலை சுற்றியதாம். பிறகு வேண்டுமென்றே துளி சாப்பிட்டு சைக்கிளில் வீடு திரும்பியபோது, கண்முன்னே தெருவே நெளிந்ததாம். பிற்காலத்தில் அதைக் காகிதத்தில் ஊறவைத்து, ஆட்டம் பாட்டம் நடக்கும் இடங்களில் போதைக்காக நாக்கில் வைத்துக்கொண்டார்களாம். ஒரு கட்டத்தில் இருக்கும் மருந்துக்கு எங்கள் ஆய்வகத் தராசுகூட அசையாது.

கல்ஃபில் இதோடு பிடிபட்டால் அண்ணனை உயிரோடு விடுவார்களா? நிலச்சீர்திருத்தத்தில் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்ட் நிலத்தை விற்று வாங்கிய விசா அது. காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். ஒவ்வொரு முறையும் சுவர் நெளிகிறதா என்று பயந்து பயந்து பார்த்தேன்.

பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சண்டை போடத்தான் மாமி வீட்டுக்குப் போனேன்.

"மாமி, இது யாரு தந்தது?"

"விசா எடுத்துத் தந்த ஆளாக்கும். மோன் போனப்பளும் இதுபோல ஒரு புஸ்தகம் குடுத்துவிட்டாரு. இது ரெண்டாம் பாகமாம். ஏன் மக்கா, எடை கூடிப்போச்சா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த முதல் புத்தகத்துக்குள் என்ன இருந்திருக்கும்?

"அவன் போய்ச் சேந்து போன்ல விளிச்சானா மாமி?"

"போய் நாலு நாளாச்சு, இன்னும் விளிக்கல்ல. புது இடமில்லியா, வேலை நெறைய இருக்கும். உனக்க அண்ணன் போன உடனே அவனை ஒண்ணு பாத்து, அம்மைக்கு விளிக்கச் சொல்லணும், கேட்டியா?"

"சொல்லச் சொல்லுறேன் மாமி" என்றேன். புத்தகம் என் கையிலேயே இருந்தது.