புலி வேஷமும் ஐஸ் வண்டி மணியும்

மஞ்சப் பெயிண்ட் வாசம் மூக்குல ஏறினா எனக்கு இன்னைக்கும் முதுகு அரிக்குங்க. டாக்டரு அலர்ஜின்னு மாத்திரை எழுதறாரு. அவருக்கு என்ன தெரியும்? நான் ஒரு சாயங்காலம் புலியா இருந்தவன்.

நான் பெரிய படிப்பாளி இல்ல. அஞ்சாங்கிளாஸ்ல ரொம்ப நாள் தங்கிப் பாத்தேன். வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரல, மரியாதையா பிரிஞ்சுட்டோம். இப்போ மைசூர்ல தள்ளுவண்டியில சுருமுரி கலக்கிக் குடுக்கறேன். பொரியில வெங்காயம், கேரட்டு, கொத்தமல்லி, காரம் எல்லாம் போட்டுக் குலுக்கறதுதான் சுருமுரி. பாதிப் பேரு பொரிக்கு வர்றாங்க, பாதிப் பேரு என் வாய்க்கு வர்றாங்க. இந்த வாய் ஒரு தடவ மேடையேறின கதையைத்தான் சொல்லப்போறேன்.

எங்க காலனி பூரா தமிழ் ஆளுங்க. கட்டட வேலை, பேக்டரி வேலைன்னு வந்து ஒட்டிக்கிட்ட குடும்பங்க. எங்கப்பா பெயிண்டர். மைசூர்ல பாதி வீட்டுக்கு அவர்தான் கலர் குடுத்தாரு, எங்க வீட்டுக்கு மட்டும் கடைசி வரைக்கும் சுண்ணாம்புதான். அப்பாவோட அப்பா, எங்க தாத்தா, ராமாபுரத்துப் பக்கத்துல இருந்து வந்து எங்களோட இருந்தாரு. எனக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள ஒரு பீடி முடிஞ்சுரும்.

அவருகிட்ட ஒரே ஒரு கதைதான் இருந்துச்சு. வெள்ளக்காரன் காலத்துல மாதேஸ்வரன் மலைக் காட்டுக்கு ஒரு தொரை வேட்டைக்கு வந்தானாம். ஊர்ல இருந்து ஆளுங்களக் கூட்டிட்டுப் போயி, தப்பட்டையும் தகரமும் தட்டிப் புலிய வெளிய ஓட்டச் சொன்னானாம். தட்டப் போன பசங்கள்ல தாத்தாவோட அண்ணனும் ஒருத்தரு. பொடியனா இருந்த தாத்தா அண்ணன் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போயிருக்காரு. புலி வெளிய வந்துச்சு. அண்ணன் மேல பாஞ்சுச்சு. தொரை சுட்டான். புலி செத்துச்சு. அண்ணனும் செத்துட்டாரு.

இவ்வளவுதான் கதை. எப்பச் சொன்னாலும் அதே வார்த்தை, அதே வரிசை, வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி. "அப்புறம் தாத்தா?"ன்னு கேட்டா, "அப்புறம் ஒண்ணுமில்ல, போய்ச் சோறு தின்னு"ம்பாரு. எனக்கு அந்த ரெண்டாவது பாகம் எப்பவும் புடிக்கும்.

ஒரு வருசம் தசரா லீவுக்கு முன்னாடி, ஜோல்னாப் பையி மாட்டிக்கிட்டு ஒரு அக்கா காலனிக்குள்ள வந்தாங்க. கூட தாடி வெச்ச பசங்க. நாடகக்காரங்களாம். ராஜா கதையெல்லாம் போட மாட்டாங்களாம். பெருசுங்க தன் வாழ்க்கையில பாத்தது, வெள்ளக்காரன் இருந்தப்ப என்ன ஆச்சு, அவன் போன பிறகு என்ன ஆச்சு, அத அவங்க வாயால கேட்டு, அதே ஊர் ஜனங்கள வெச்சே ஆடுவாங்களாம். அந்த அக்கா கன்னடக்காரங்க. அவங்க தமிழ் எங்க கன்னடம் மாதிரியே நொண்டி நொண்டித்தான் வரும்.

அவங்க நாடகத்துல ஒரு சட்டம் இருந்துச்சு. யாரோட கதைய ஆடுறாங்களோ அந்தப் பெருசு மேடை ஓரத்துல ஒரு ஸ்டூல்ல உக்காரணும். கையில ஒரு மணி. ஐஸ் வண்டிக்காரன் ஆட்டுவானே, அந்த மணி. ஆடறவங்க தப்பா ஆடினா பெருசு மணிய அடிக்கும். உடனே எல்லாரும் அப்படியே நிக்கணும். என்ன தப்புன்னு பெருசு சொல்லும், மறுபடி ஆடணும். பெருசு மணி அடிக்காம இருந்தாத்தான் அது சரி.

எதிர் வீட்டு ஆயா ரேஷன் கடைக் கதை குடுத்துச்சு. செவப்புச் சோளத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே போயி வரிசையில நின்ன கதை. ஒத்திகையில எல்லாரும் அழகா வரிசையா நின்னாங்க. மணி அடிச்சுச்சு. "இப்படியாடி நிப்பாங்க? கோயில் பிரசாதமா வாங்கறீங்க? முடியப் புடிச்சு இழுங்கடி!"ன்னு கத்துச்சு. காலனி பொம்பளைங்களுக்கு அது போதும். போன வருசக் குழாயடிச் சண்டை மிச்சத்தை எல்லாம் அங்கயே தீத்துக்கிட்டாங்க. ஆயா மணியக் கீழ வெச்சுட்டு, "இதான் ரேஷன்"னுச்சு.

தாத்தா கதையத் தாத்தா குடுக்கல. அத்தை குடுத்தாங்க. அப்பாவோட அக்கா, அடுத்த சந்துல வீடு, நான் யாருகிட்ட இருந்து இந்த வாயை வாங்கினேன்னு இப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாடக அக்கா தாத்தாகிட்ட வந்து, "தாத்தா, ஆடலாமா?"ன்னு கேட்டாங்க. தாத்தா பீடியப் பத்த வெச்சாரு. பீடி முடிஞ்சுது. அத்தை, "எங்கப்பா சரின்னுட்டாரு"ன்னு முடிச்சுட்டாங்க.

புலி வேஷத்துக்கு ஆள் தேடினாங்க. தசராவுல ஹுலி வேஷம் கட்டி ஆடறவங்க பின்னாடி மைசூர் பூரா சுத்தினவன் நான். விடுவேனா? கையத் தூக்கல, நாலு கால்ல போயி அக்கா முன்னாடி நின்னு உறுமினேன். அப்போ நான் நல்லா கொழுகொழுன்னு இருப்பேன். தாடிக்காரப் பசங்கள்ல ஒருத்தன், "இது புலியா, புலியத் தின்ன எருமையா?"ன்னான். ஆனா வேற யாரும் வராததால நான்தான் புலி.

தொரை அந்த தாடிக்காரன்தான். தாடிய எடுத்துட்டு மூஞ்சிக்கு பவுடர் அப்பினான். துப்பாக்கி, எங்கப்பா உயரமான சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கற கம்பு. மேடைக்குப் பின்னாடி ஒருத்தன் காலி பெயிண்ட் டின்னு மேல கட்டையால ஓங்கி ஒரு அடி அடிப்பான், அதுதான் குண்டு. தாத்தாவோட அண்ணனுக்கு மட்டும் ஆள் கிடைக்கல. சாகற வேஷம் எவனுக்கும் வேணாமாம். கடைசியில என் பழைய சட்டைக்குள்ள வைக்கோல் அடைச்சு, நெஞ்சுல ஒரு தகரத்தக் கட்டி, அவர்தான் அண்ணன்னு நிக்க வெச்சாங்க.

ஒத்திகைக்கு தாத்தா ஒரு நாளும் வரல. நான் சாகறதுக்கு அவ்வளவு உழைச்சேங்க. சினிமா வில்லன் மாதிரி நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, ஒரு சுத்து சுத்தி, கால் ரெண்டையும் உதறி, கடைசியில ஒரு தடவ வாலை ஆட்டிட்டுச் சாவேன். அந்த வால் ஆட்டறது என் சொந்த ஐடியா.

நாடகத்தன்னைக்கு மத்தியானம் அப்பா என்னை நிக்க வெச்சு பெயிண்ட் அடிச்சாரு. வேஷம் கட்டறவங்க தனிக் கலர் வெச்சிருப்பாங்க. எங்கப்பாகிட்ட இருந்தது எவனோ வீட்டு கேட்டுக்கு அடிச்சு மிஞ்சின மஞ்ச எனாமல். "அசையாத, திட்டு விழும்"னு சுவத்துகிட்ட சொல்ற மாதிரியே என்கிட்டயும் சொன்னாரு. அம்மா, "புள்ளைக்கு ரெண்டாவது கோட்டிங் வேற குடுப்பியா?"ன்னு திட்டினாங்க. காய்ஞ்ச பிறகு கையை மடக்கினா பட்பட்டுன்னு உரியும்.

மாரியம்மன் கோயில் பக்கத்து மைதானத்துல சாமியானா. வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க. காலனி மொத்தமும் வந்திருச்சு. ரேஷன் கதைக்கு ஒரே கைத்தட்டல். அப்புறம் தாத்தாவ அத்தை கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. வெளுத்த வேட்டி, தோள்ல துண்டு. மணிய வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு.

தகரம் அடிக்கற சத்தம் கிளம்பிச்சு. நான் புதர் மாதிரி கட்டின வேப்பங்கொத்துக்குள்ள இருந்து வெளிய வந்தேன். ஜனங்க கத்துச்சு. என் கூட்டாளிங்க "ஹுலி! ஹுலி!"ன்னு விசில் அடிச்சானுங்க. நான் நேரா வைக்கோல் அண்ணன் மேல பாஞ்சேன்.

மணி அடிச்சுச்சு.

பாய்ச்சல் பத்தலயாட்டம் இருக்குன்னு நெனச்சேன். திரும்பப் போயி, இன்னும் வேகமா வந்து, வைக்கோலைக் கடிச்சுக் குதறி வெச்சேன். மறுபடி மணி.

அக்கா பக்கத்துல வந்து குனிஞ்சு, "ஏனு தாத்தா, என்ன தப்பு? சொல்லுங்க"ன்னாங்க.

தாத்தா மணியவே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "புலி அவனத் தொடல."

முன்வரிசையில இருந்து அத்தை எந்திரிச்சாங்க. "என்னப்பா சொல்றீங்க? நீங்கதானே எப்பவும்..."

"தொடவே இல்ல. வந்துச்சு. எங்களப் பாத்துச்சு. நின்னுச்சு."

அக்கா என்னைப் பாத்து, அப்படியே ஆடுன்னு கண்ணைக் காட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. கடிக்காத புலிய எவன் பாப்பான்? வந்தேன், பாத்தேன், நின்னேன். பின்னாடி டின்னு மேல கட்டை விழுந்துச்சு, டமார்னு. தாத்தா உடம்பு தூக்கிப் போட்டத நான் பாத்தேன். சரி, சாவாவது எனக்கு மிஞ்சுச்சேன்னு நெஞ்சப் புடிச்சு, சுத்தி, உதறி, வாலை ஆட்டி, பிரமாதமாச் செத்தேன்.

மணி அடிச்சுச்சு. நிக்காம அடிச்சுச்சு.

"புலி சாகல"ன்னாரு தாத்தா.

தொரை கம்பைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான், பவுடர் வேர்வையில வழியுது. அத்தை வாயப் பொத்திக்கிட்டாங்க. அந்த அத்தை வாய் மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

எனக்கு வந்த கோவம் இருக்கே! கடிக்கவும் கூடாது, சாகவும் கூடாதுன்னா எதுக்குய்யா என்னைப் புலியாக்கினீங்க? எனாமல் வேற முதுகுல எரியுது. காகிதக் கூழுல செஞ்ச புலித் தலைய கழட்டி ஒரு ஓரமா எறிஞ்சேன். "போங்க, நான் ஆடல"ன்னுட்டு அங்கயே, வைக்கோல் அண்ணன் பக்கத்துல குப்புற விழுந்து படுத்துட்டேன். ஒரு கை வயித்துக்கு அடியில. மூஞ்சி மண்ணுல.

மணி அடிக்கும்னு காத்துட்டு இருந்தேன். அடிக்கல.

ஸ்டூல் நகர்ற சத்தம் கேட்டுச்சு. தாத்தா வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. என்னை மெல்லத் திருப்பினாரு. தோள் துண்டை எடுத்து என் வயித்து மேல வெச்சு அழுத்திப் புடிச்சாரு. "அண்ணா"ன்னாரு. "அண்ணா, எந்திரி. அம்மா தேடும். வீட்டுக்குப் போலாம் வா."

நான் ஒரு கண்ணை மட்டும் தொறந்து, மெதுவாத்தான் சொன்னேன், ஆனா மேடை மைக்கு பக்கத்துல இருந்ததால மைதானம் பூராக் கேட்டுச்சு. "தாத்தா, நான் அண்ணன் இல்ல. புலி."

எங்க போனாலும் என் பேச்சுக்குச் சிரிக்க நாலு பேரு இருப்பாங்க. அன்னைக்கு ஒருத்தர் சிரிக்கல.

அங்க இருந்த எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, தொரை சுட்ட குண்டு யாரு மேல பட்டுச்சுன்னு. புலி தப்பிச்சு ஓடிருச்சு. புதருக்குப் பின்னாடி தகரம் தட்டிட்டு நின்ன பையன் விழுந்துட்டான். அந்த அண்ணனுக்கும் அப்போ என் வயசுதானாம். கூடப் போன பெரிய மனுசங்க தொரைக்குப் பயந்து அங்கயே பேசி முடிச்சுட்டாங்க, புலி அடிச்சுதுன்னுதான் ஊர்ல சொல்லணும்னு. பொடியனா இருந்த தாத்தாவ அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சு, தப்பில்லாம ஒப்பிச்ச பிறகுதான் ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தாங்களாம். தொரை கப்பல் ஏறிப் போயி, நாடு நம்மளுதாகி, எல்லாம் ஆன பிறகும் அவரு அதையே ஒப்பிச்சுட்டு இருந்தாரு. இதெல்லாம் தாத்தா அத்தைகிட்ட சொல்லி, அத்தை என்கிட்ட சொல்லும்போது எனக்கு மீசை மொளைச்சிருச்சு.

அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியல. தாத்தா நடுவுல புகுந்து என் கைத்தட்டலக் கெடுத்துட்டாருன்னுதான் நெனச்சேன். மறுநாள் காலைல குழாயடியில மண்ணெண்ணெய தேச்சு என் முதுகுப் பெயிண்ட எடுத்துவிட்டது அவர்தான். எரிச்சல்ல நெளிஞ்சுக்கிட்டே கேட்டேன், "கடைசியா விழுந்தேன்ல, அதுக்கு மட்டும் ஏன் தாத்தா மணி அடிக்கல?"

தேச்சுட்டு இருந்த கை நின்னுச்சு. "அப்படியேதான் கெடந்தான்"னாரு.

எனக்குத் தலைகால் புரியல சந்தோசத்துல. தாத்தா வாயால பாராட்டு வாங்கினவன் எங்க வம்சத்துலயே நான் ஒருத்தன்தான். காலனி பூராப் போயிச் சொன்னேன். கேட்டவங்களுக்கெல்லாம் தெருவுலயே குப்புற விழுந்து காட்டினேன், கை வயித்துக்கு அடியில, மூஞ்சி மண்ணுல. "பாத்துக்கங்கடா, எங்க தாத்தாவே சரின்னு சொன்னது!" பசங்க சுத்தி நின்னு விசில் அடிச்சானுங்க.

அப்படி ஒரு தடவ விழுந்து கெடக்கும்போது, பசங்க காலுக்கு நடுவுல பாத்தேன். தாத்தா கடைப் பக்கமா வந்துட்டு இருந்தாரு. என்னைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு.

கடைப் பையை எடுத்துட்டு வர மறந்துட்டாராட்டம் இருக்குன்னு நெனச்சேன்.