கோட்டையூர் வீட்டில் சாதிக்கையும் சேர்த்து ஓட்டிய சிமுலேஷன்

கோட்டையூரில் கட்டப்போகும் வீட்டுக்கு நான் கம்ப்யூட்டரில் ஓட்டிய சிமுலேஷனைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மா ரஹ்மத் என் செக்காலை ஆபீசில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெயில், காற்றோட்டம், ஏசி லோடு (ஏசிக்கு எவ்வளவு வேலை) என்று மூன்று மாடலையும் தனித்தனியாக ஓட்டினால், ஒன்று சன்னல் திறந்திருப்பதாக நினைக்கும், இன்னொன்று மூடியிருப்பதாக நினைக்கும். மூன்றையும் கோக்க வேண்டும். அதற்கு எந்த நேரத்தில் எந்த அறையில் யார் இருப்பார்கள் என்று மூன்றுக்கும் பொதுவான ஒரே ஷெட்யூல் வேண்டும். ஆள் இருந்தால்தானே சன்னலைத் திறப்பார்கள், ஃபேனைப் போடுவார்கள்?

ரஹ்மத்தின் கணவர் சாதிக் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். சம்பாத்தியம் அங்கே, வீடு இங்கே என்பது எங்கள் பக்கத்தில் தலைமுறைப் பழக்கம். நான் ரஹ்மத்தையும் மகளையும் மட்டும் ஷெட்யூலில் போட்டிருந்தேன். மாடி அறை வருஷம் பூராவும் சும்மாதான் கிடக்கும், பிளானிலிருந்தே எடுத்துவிடலாம் என்றேன்.

“மாடி அவுகளுக்குத்தான் சார். அதையும் எடுத்துட்டா, ஊருக்கு வர்ற நெனப்பையே விட்டுருவாக,” என்று சொல்லித்தான் ரஹ்மத் அழுதார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இல்லாத ஆளுக்கு எந்த மடையன் லோடு எடுப்பான்? போனில் சாதிக்கும் என் கட்சிதான். இப்போதைக்கு வர வழியில்லை, மாடியை விட்டுவிடலாம் என்றார். ஆனாலும் அந்த அம்மா முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மனசு கேட்காமல் சாதிக்கையும் சேர்த்து இன்னொரு தடவை ஓட்டினேன். மேற்கு வெயிலுக்கு மறைப்பு, தெற்கே பெரிய சன்னல் என்று மாற்றியதில் மாடிக்கு ஏசி தேவையும் நன்றாகக் குறைந்தது.

வீடியோ காலில் இரண்டையும் காட்டினேன். சாதிக் இரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாயந்தரம் நான் எங்குட்டு சார் இருக்கேன்?”

“மாடியில. தெக்குச் சன்னலத் தொறந்து வச்சிருக்கீக. மகளும் உங்க கூடத்தான் இருக்கு.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மாடிய எடுக்காதீக சார்,” என்றார் சாதிக்.

அன்றிலிருந்து, வீடு யாருக்காக என்று கேட்காமல் நான் ஷெட்யூல் எழுதுவதில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

அவர்கள் குடிபோன பிறகு அறைகளின் சூட்டைச் சென்சார் வைத்து அளந்தோம். கீழே எல்லாம் மாடலோடு ஒத்துப்போனது. மாடி அறை மட்டும் ஒத்துவரவில்லை. எப்படி வரும்? சாதிக் இன்னும் வரவில்லையே. அவர் வந்துவிட மாட்டாரா என்று எனக்கே ஏக்கமாக இருந்தது. வந்ததும் மறுபடி அளக்கலாம் என்று ரஹ்மத்திடம் சொல்லிவிட்டு, சென்சாரைக் கழற்றாமல் கீழே இறங்கினேன்.