ஆற்றங்கரையில் ஒரு கேடயக்காரன்

கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆற்றங்கரை. என் வீரன் வாளைத் தாழ்த்தியபடி அசையாமல் நிற்கிறான். அவனுக்கு முன்னால் கேடயத்தை உயர்த்திக்கொண்டு இன்னொருவன். திருத்தங்கல் பிரவுசிங் சென்டரிலிருந்து அன்று ஓடும்போது நான் கடைசியாகப் பார்த்தது இதைத்தான்.

அச்சகத்தில் பேப்பர் அடுக்கும் வேலை எனக்கு. நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரில் நான் ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குள் மட்டும் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பனி பெய்கிற ஊர்க்காரன் என்பதைத் தவிர அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். போனால் என் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், விளையாட்டுக்குள் என் வீரன் கொஞ்ச நேரம் மரம்போல நிற்பான். யார் வேண்டுமானாலும் வெட்டிவிட்டு, அவனிடம் உள்ளதைப் பறித்துக்கொள்ளலாம். இவன் பறிக்கவில்லை, கேடயத்தை உயர்த்திக் காவல் நின்றான். நான் திரும்பியதும், பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நான் விளக்கியிருந்ததை வைத்து, "கரண்ட் வந்ததா?" என்று கேட்பான்.

பெற்றோர் இல்லாத வீட்டில் என்னை வளர்த்த அக்காவுக்கு இது வேடிக்கை. "ஏலே, எங்கிட்ட நாலு வார்த்தை பேச வாய் வரலை. மூஞ்சி தெரியாதவன்கிட்ட அம்புட்டு என்னலே பேச்சு? பொண்ணுன்னா சொல்லிரு, பூ வாங்கியாரேன்" என்பாள்.

அது தீபாவளி சீசன். ஞாயிறன்றும் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் கூப்பிட்டதால் அக்கா போயிருந்தாள். மதியம் ஒரு வெடிச் சத்தத்தில் சென்டரின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் என்னவென்று கேட்பதில்லை. எந்தத் திசை என்றுதான் கேட்பார்கள். அக்காவின் கம்பெனி இருந்த திசையில் புகை. அவனுக்கு ஒரு வார்த்தையும் அடிக்காமல் ஓடினேன். கால் விரலில் இருந்த சிறுவயதுத் தழும்பை வைத்துத்தான் அக்காவை அடையாளம் காட்ட முடிந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின், வேறு போக்கிடம் இல்லாமல் சென்டருக்குப் போனேன். சென்டர் அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "தம்பி, அன்னைக்கு நீங்க ஓடுனீகள்ல, சிஸ்டத்தை அணைக்க எனக்கு மனசு வரலை. அந்தக் கேடயக்காரப் பய எடத்தை விட்டு நகரலை. வந்தவனையெல்லாம் விரட்டிக்கிட்டே கெடந்தான், நான் கடை அடைக்கிற வரைக்கும்."

விளையாட்டுக்குள் போனேன். அவன் இருந்தான். "கரண்ட் வந்ததா?" என்றான்.

அக்கா என்பதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். செத்துப்போனாள் என்பதற்கும் தெரியும். ஆனாலும் "வந்துவிட்டது" என்று அடித்தேன். சிரித்த முகம் ஒன்றை அனுப்பினான். பிறகு நான் அங்கே போகவில்லை.

இப்போது அந்த விளையாட்டே இல்லை. சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. அச்சகத்தில் கரண்ட் போய் மிஷின்கள் நிற்கும்போது அந்த ஆற்றங்கரை தெரிகிறது. அவன் கேடயத்தை இன்னும் இறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் என் வீரனை நான் நிறுத்துவதில்லை. அக்காவைத்தான் நிறுத்துகிறேன்.