மெஷர் தியரியில் கடைசி வாய்ப்பு

எம்.எஸ்ஸி. கணக்கில் மெஷர் தியரி படிப்பவர்களை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம்: கையில் பென்சில் இருக்கும், கண் சுவரில் இருக்கும். நீளம், பரப்பு என்று ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்துபோன சமாச்சாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "நீளம் என்றால் உண்மையில் என்ன?" என்று முதலிலிருந்து கிளறுகிற பாடம் இது. தபால் வழியில் சேர்ந்து என்னைப் போலவே நொந்துகொண்டிருக்கும் சக நோயாளிகளே, இது உங்களுக்காக.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்ற பேப்பரெல்லாம் பாஸ். இது ஒன்றில் மட்டும் போன தடவை கவிழ்ந்தேன். பதிவுக் காலம் முடியப்போவதால் இனி ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் பாஸான பேப்பர்களுக்கும் சேர்த்துக் காரியம் செய்துவிட வேண்டியதுதான். இதற்குள் கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்ககம் முழுக்க, "நான் எம்.எஸ்ஸி. படிக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தும் ஆயிற்று.

ஒரே பக்கம்

இந்தப் புத்தகங்களில் "இது எளிதில் விளங்கும்" என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் அன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம். விளங்காது. விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. எளிது என்று அச்சடித்தே போட்டுவிட்டானே!

ஒரு நாள் காலையில் இட்லியை இறக்கி வைத்துவிட்டு அப்படி ஒரு வரியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போய், ஷிப்ட் பார்த்து, திரும்பி வந்து, ஷூவைக் கழற்றும்போது என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, காலையில நான் கிளம்பும்போதும் இதே பக்கம்தானே? எங்க கம்பெனியில மெஷின் இப்படி நின்னா, இந்நேரம் மெக்கானிக்கக் கூப்பிட்டிருப்போம்."

எழுந்து நிற்கும் பழக்கம்

தபால் வழிக்காரர்களுக்கும் சனிக்கிழமைகளில் ஆவடியில் நேரடி வகுப்பு உண்டு. பாடம் நடத்துபவருக்கு என் அக்கா பையன் வயதுதான் இருக்கும். நான் படித்தது கான்வென்டில். ஆசிரியர் உள்ளே வந்தால் கால் தானாக எழுந்துகொள்ளும். மற்றவர்களெல்லாம் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முதல் பெஞ்சில் நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பேன்.

அவரோ, பெரியவர்கள் நிற்கும்போது தான் உட்காரக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை போலிருக்கிறது. அவர் உட்காரச் சொல்வார் என்று நான் நிற்க, நான் உட்காரட்டும் என்று அவர் நிற்க, வகுப்பு முழுக்க எங்களையே பார்த்தது. கடைசியில் அவர்தான் கையெடுத்துக் கும்பிட்டார்: "மேடம், ப்ளீஸ், நீங்க உட்கார்ந்தாத்தான் எனக்குப் பாடமே ஞாபகம் வரும்."

ஆட்டோவில் ஒரு புள்ளி

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ஆட்டோவில் போகும்போது புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா படிக்கிற?" என்றார். விட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஒரு புள்ளிக்கு நீளம் பூஜ்யம். கோடு முழுக்கப் புள்ளிதான். ஆனா கோட்டுக்கு நீளம் உண்டு. அது எப்படின்னு படிக்கிறேன்" என்றேன். ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார். பச்சை விழுந்து, பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். "ஒண்ணொண்ணும் சைபரு, சேந்தா மட்டும் கிலோமீட்டரா? இந்தக் கணக்க நான் மீட்டர்ல வுட்டன்னு வச்சிக்கோ, ஏர்ற ஜனம் என்ன உரிச்சி உப்பு தடவிடும்க்கா!"

மண்மேடு

போன தடவை நான் கவிழ்ந்தது ஒரே ஒரு அவசரத்தால். இன்டக்ரல் என்கிற மொத்தக் கூட்டலுக்கு வெளியே இருக்கும் லிமிட்டை, அதாவது 'கடைசியில் என்ன ஆகும்' என்பதை, தூக்கி உள்ளே போட்டுவிட்டேன். அப்படிப் போட நிபந்தனைகள் உண்டு. பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். எனக்குக் குக்கர் விசில் அடங்கும்வரையே பொறுமை இருக்காது.

என்னோடு படிக்கும் பிரவீணா அயனம்பாக்கத்தில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. "போட்டா என்ன ஆன்ட்டி ஆகும்?" என்று போனில் கேட்டாள். எங்கள் பக்கம் சாக்கடை தோண்டி ஒரு மேடு மண்ணைக் குவித்துவைத்த கதையைச் சொன்னேன். நாங்கள் கத்தினால் அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அவர்கள் கத்தினால் அதற்கடுத்த தெரு. "தெருவுக்கு முடிவே இல்லைன்னு வச்சுக்கோ. எந்தத் தெருவுல நின்னு பார்த்தாலும் கடைசியில மேடு இல்ல, பூஜ்யம். ஆனா மண்ணு ஒரு கூடைகூடக் குறையல. லிமிட்டை உள்ள போட்டா பூஜ்யம், வெளிய வச்சா முழு மேடு" என்றேன்.

போனிலேயே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "செம ஆன்ட்டி, நல்லாப் புரிஞ்சுது. அந்த மண்ணு இப்போ எங்க வீட்டு வாசல்லதான் கிடக்கு."

ஸ்கேல்

பரீட்சையில் அதே மாதிரி கேள்வி. கை பழக்கதோஷத்தில் லிமிட்டை உள்ளே போட்டு, முக்கால் பக்கம் ஜோராக ஓடி, விடை பூஜ்யம் என்று கட்டமும் கட்டிவிட்டது. அடுத்த கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பும்போதுதான் உறைத்தது. நிபந்தனையைப் பார்த்தோமா? இந்தச் சார்புகள் எல்லாவற்றுக்கும் மேலே கூரை மாதிரி நிற்க, மொத்தம் முடிவில்லாமல் போகாத சார்பு ஒன்று வேண்டும். தேடினேன். இல்லை.

நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. எழுதியது அத்தனையும் தப்பு. தப்பை ஸ்கேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்பது கான்வென்டில் எங்கள் சிஸ்டர் போட்ட சட்டம். கோபத்தில் ஒவ்வொரு வரியாக, பேப்பர் கிழிகிற மாதிரி அடித்தேன். கண்காணிக்க வந்த பெண் ஓடி வந்து குனிந்தாள். "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா அடிங்க. பின்னாடி இருக்கிறவங்க அவங்க விடையும் தப்போன்னு அழுதுட்டு இருக்காங்க."

முடிவு

மறுபடி முதலிலிருந்து எழுதினேன், பூஜ்யத்துக்குப் பதில் முழுசாக ஒன்று என்று விடை வந்தது. பெல் அடித்தபோது கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. முடிவு வருகிறவரை அடுக்ககத்தில் யாராவது எதிரே வந்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன். முடிவு வந்தது: பாஸ். நூலிழையில்தான், ஆனால் பாஸ்.

என் வீட்டுக்காரர் தானே எழுதிய மாதிரி எல்லோருக்கும் போன் போட்டார். பூந்தமல்லியிலிருந்து என் நாத்தனார் உடனே என்னைக் கூப்பிட்டாள். மனம் நிறைய வாழ்த்தினாள். அப்புறம் சொன்னாள்: "அப்பாடா, இனிமே சும்மாதானே அண்ணி இருப்பீங்க? ஞாயித்துக்கிழமை முறுக்கு சுத்த வந்துடுங்க."

ஆக, சக நோயாளிகளே, மெஷர் தியரியில் எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்பார்கள். வீட்டிலிருக்கும் பெண் சும்மாதான் இருக்கிறாள் என்ற ஒரே ஒரு தேற்றத்துக்கு மட்டும் உலகத்தில் எவனும் கேட்பதில்லை.